கிளிப்பா, பசையா, குஷன் கடையா? காருக்குள் கழன்று ஆடும் பாகங்களுக்கு எது சரி

வட சென்னையில் எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி பக்கமும் கன்டெய்னர் லாரிகளோடு தினமும் போய்வரும் காருக்கு ஏழெட்டு வருஷம் ஆனால் போதும், எஞ்சின் ஒழுங்காக ஓடினாலும் உள்ளே ஒவ்வொன்றாகக் கழல ஆரம்பிக்கும். டோர் பேட் ஒரு மூலையில் விலகி நிற்கும். ரூஃப் லைனிங் துணி பின்சீட்டுக்கு மேலே உப்பித் தொங்கும். பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் டேஷ்போர்டு ஓரத்திலிருந்து சத்தம் வரும். ஓட்டுவதற்குத் தடையில்லை என்பதால் பலரும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஆனால் ஒரு கிளிப் உடைந்தால் அதன் பாரம் பக்கத்துக் கிளிப்பின் மேல் ஏறும். அதிர்வில் அதுவும் உடையும். அப்புறம் பேட் மொத்தமும் இரண்டு ஸ்க்ரூவில் தொங்கிக்கொண்டிருக்கும்.

சரி செய்ய வழிகள் சில இருக்கின்றன. வீட்டிலேயே பசை வைத்து ஒட்டலாம். கிளிப் வாங்கி மாற்றலாம். பெரம்பூர், வியாசர்பாடி, மூலக்கடை பக்கம் ஆட்டோ சீட்டும் கார் சீட்டும் தைக்கிற குஷன் ஒர்க்ஸ் கடையில் விடலாம். சர்வீஸ் சென்டரில் கொடுத்தால் பாகத்தையே புதிதாக மாற்றச் சொல்வார்கள். புதுப்பேட்டையில் பழைய பாகம் தேடி வாங்குவதும் ஒரு வழி.

இதில் எது என்று முடிவு செய்ய, எந்தப் பசை பலமானது என்று கேட்பதால் பயனில்லை. அந்தப் பாகம் தொழிற்சாலையிலிருந்து வரும்போது எதைப் பிடித்து நின்றது என்று பாருங்கள். கிளிப்பில் நின்றதைக் கிளிப்பிலேயே நிறுத்துங்கள். பசையில் நின்றதற்கு மட்டும் பசையைத் தொடுங்கள். இதை விட்டு விலகி நான் பார்த்த வீட்டு ரிப்பேர்கள் பெரும்பாலும் அடுத்த ரிப்பேரைக் கெடுத்திருக்கின்றன.

டோர் பேட்: இங்கே பசைக்கு வேலை இல்லை

கதவின் உள்பக்கத்து பேட், ஓரம் முழுக்க வரிசையாக இருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளால் கதவுத் தகட்டில் பொருத்தப்பட்டிருக்கும். கைப்பிடிக்குப் பின்னாலும் ஆர்ம்ரெஸ்ட் குழிக்குள்ளும் இரண்டு மூன்று ஸ்க்ரூ மறைந்திருக்கும். சின்ன மூடியைக் கிளப்பினால்தான் அவை கண்ணுக்குத் தெரியும். இத்தனையும் ஒரே காரணத்துக்காகத்தான்: கண்ணாடி ஏற்றும் மோட்டார், பூட்டு, ஸ்பீக்கர் எல்லாம் அந்தப் பேடுக்குப் பின்னால் இருக்கின்றன. அவற்றில் ஏதாவது பழுதானால் பேடைக் கழற்றியே ஆக வேண்டும்.

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் ஒரு அக்காவின் கார். டோர் பேட் ஆடுகிறது என்று யாரோ கதவு ஓரம் முழுக்க மஞ்சள் ரப்பர் பசை தடவி அழுத்திவிட்டிருந்தார்கள். ஐப்பசி மழையில் கண்ணாடி பாதியில் நின்றுவிட்டது. எலக்ட்ரீஷியன் வந்து பேடை இழுத்தார். உள்ளே இருந்த ஹார்டுபோர்டு அப்பளம் மாதிரி அடுக்கடுக்காகப் பிய்ந்து பாதி கதவிலும் பாதி கையிலும் நின்றது.

“கெட்டியா நிக்கணும்னுதானே தம்பி ஒட்டினாங்க?”

“கெட்டியாதான்கா நிக்குது. கழட்டுறதுக்குத்தான் வழியே வைக்கல.”

பேடோடு சேர்ந்து இன்னொன்றும் கிழிந்தது. பேடுக்கும் கதவுத் தகட்டுக்கும் நடுவில் ஒரு பாலிதீன் ஷீட் இருக்கும். கறுப்பாக, பிசுபிசுவென்ற பியூட்டைல் பட்டையால் அது ஒட்டப்பட்டிருக்கும். கண்ணாடியின் வெளிப்பக்கம் வழியும் மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்கி அடியில் உள்ள ஓட்டை வழியாக வெளியே போக, காருக்குள் வராமல் தடுப்பது இந்த ஷீட்தான். அது கிழிந்தால் ஒவ்வொரு மழைக்கும் கால்மிதி நனையும், கார்பெட் நாறும். ஆகவே பேடை நீங்களே கழற்றினால் இந்த ஷீட்டை மெதுவாக உரித்து, வேலை முடிந்ததும் அதே பட்டையில் அழுத்தி ஒட்டுங்கள். பட்டை மண் பிடித்துக் காய்ந்திருந்தால் புதுப் பியூட்டைல் டேப் வைக்கலாம்.

கிளிப் மாற்றுவது சுலபமான வேலை. பிளாஸ்டிக் நெம்புகோல் ஒன்று போதும். திருப்புளியை நேராக விட்டு நெம்பினால் பெயின்டும் போகும், பேடின் ஓரமும் நசுங்கும். ஸ்க்ரூக்களை எடுத்துவிட்டு, கீழ் மூலையிலிருந்து கிளிப் இருக்கும் இடத்துக்கு முடிந்தவரை பக்கத்தில் நெம்புங்கள். கிளிப்புகளுக்கு நடுவில் இழுத்தால் கிளிப் வராது, பேடில் அதைப் பிடித்திருக்கும் இருக்கை, அதாவது கிளிப் உட்காரும் குழி, பிய்ந்துவிடும். கிளிப் எல்லாம் விட்டதும் பேடை அப்படியே இழுத்துவிடாதீர்கள். உள்ளே பவர் விண்டோ ஒயரும் கைப்பிடிக் கம்பியும் கோத்திருக்கும்.

கிளிப் எங்கே வாங்குவது என்பதிலும் தேர்வு இருக்கிறது. ஆன்லைனில் பல அளவு கிளிப்புகள் கலந்து ஒரே டப்பாவாக விற்கிறார்கள். பார்க்க லாபம் போலத் தெரியும். உங்கள் காருக்குப் பொருந்துவது அதில் ஒரு வகை இருந்தால் அதிகம், அதுவும் அரை மில்லிமீட்டர் மெலிந்திருந்தால் ஆட்டம் போகாது. நான் சொல்வது, உடையாத பழைய கிளிப் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போவதைத்தான். தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ மெட்ரோ ஏறி எல்ஐசி ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரம். மாடலும் வருஷமும் சொல்லி, பழசைக் கடைக்காரர் கையில் கொடுத்து, அதே தலை, அதே கழுத்து, அதே ரப்பர் வளையம் உள்ளதா என்று ஒப்பிட்டு வாங்கலாம். அந்த வளையம் தண்ணீரையும் தடுக்கும், சத்தத்தையும் அடக்கும். வளையம் இல்லாத மலிவு கிளிப்பை நான் எடுக்க மாட்டேன். தேவைக்கு நாலைந்து கூடுதலாகவே வாங்கிவையுங்கள், கழற்றும்போது நல்ல கிளிப்பும் சில உடையும்.

கிளிப் புதிதாக இருந்தும் அதைப் பிடிக்கும் இருக்கை உடைந்திருந்தால் நிலைமை வேறு. பின்னால் பிளாஸ்டிக் உள்ள பேடா, மரநார் அழுத்திய போர்டு உள்ள பேடா என்று முதலில் பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீரில் நின்ற கார்களில் போர்டு வகை பேடுகளின் கீழ்ப்பகுதி ஊறி உப்பியிருக்கும். ஊறிக் காய்ந்த போர்டுக்கு உள்வலு கிடையாது. அதன் மேல் எந்தப் பசையை வைத்தாலும் பசை நிற்கும், போர்டு உதிரும். அதற்குப் புதுப்பேட்டைதான் சரியான இடம். பிரித்த கார்களின் பேடுகள் அங்கே கிடைக்கும். அதே மாடல், அதே பக்கம், பவர் விண்டோ சுவிட்சுக்கான துளை இருக்கிறதா இல்லையா என்பதைப் பார்த்து எடுங்கள். நிறம் சற்று முன்பின் இருந்தாலும் பாதகமில்லை, ரெக்சின் மாற்றிக்கொள்ளலாம். ஊறாமல் ஒரே ஒரு கிளிப் இருக்கை மட்டும் பிய்ந்த போர்டுக்கு, மெல்லிய ஏபிஎஸ் பிளாஸ்டிக் தகட்டில் சாவித்துளை வடிவில் வெட்டி அரால்டைட் வைத்து ஒட்டினால் நன்றாக நிற்கும்.

பசை வைத்தே ஆக வேண்டிய இடம் வந்தால்

முதலில் வெயிலைக் கணக்கில் எடுங்கள். கத்திரி நாளில் மூடி நிறுத்திய காருக்குள் காற்றே 60 டிகிரியைத் தாண்டும், டேஷ்போர்டின் மேல்பரப்பு அதற்கும் மேலே போகும். சாதாரண குளூ கன் குச்சி அந்தச் சூட்டில் இளகிவிடும். மாலையில் ஒட்டி மறுநாள் மத்தியானமே கழன்று விழுவது இதனால்தான். குளூ கன்னை காருக்குள் எதற்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஃபெவிக்விக் வகைப் பசை உடனே பிடிக்கும், ஆனால் கண்ணாடி மாதிரி விறைத்து நிற்கும். அதிரும் பாகத்தில் விறைத்த பசை விரிசல் விடும். அதோடு அதன் ஆவி கறுப்பு பிளாஸ்டிக்கில் வெள்ளைப் பூச்சாகப் படியும், துடைத்தாலும் தடம் இருக்கும். மரத்துக்கான வெள்ளை ஃபெவிகால் பிளாஸ்டிக்கில் தோலாக உரிந்துவரும். இரண்டையும் விட்டுவிடலாம்.

எந்த பிளாஸ்டிக் என்று தெரிந்தால் பாதி முடிவு ஆகிவிடும். கழற்றிய பாகத்தின் பின்பக்கத்தில் இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவில் எழுத்துகள் இருக்கும். ஏபிஎஸ் என்று இருந்தால் அரால்டைட் போன்ற இருகலவைப் பசை நன்றாகப் பிடிக்கும். உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கி, இரண்டு ட்யூபையும் சம அளவு கலந்து, இரவு முழுக்க விடுங்கள். அவசரத்துக்கு விற்கும் ஐந்து நிமிட வகை சூட்டில் சீக்கிரம் தளரும். பி.பி. என்று ஆரம்பித்தால், அதாவது பாலிபுரொப்பிலீன், கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் எந்தப் பசையும் அதில் உருப்படியாக ஒட்டாது. பக்கத்தில் டி 20 என்று இருந்தால் 20 சதவீதம் டால்க் கலந்தது என்று பொருள், ஒட்டும் விஷயத்தில் மாற்றமில்லை. பெரும்பாலான கார்களில் டோர் பேடும், கண்ணாடிகளுக்கு இடையிலுள்ள தூண்களை மூடும் பில்லர் கவரும் இதில்தான் செய்யப்படுகின்றன. “எவ்வளவு பசை வெச்சாலும் நிக்கமாட்டேங்குதே” என்று சொல்பவர்களின் பாகத்தைத் திருப்பிப் பார்த்தால் அநேகமாக இந்த எழுத்துகள் இருக்கும். பி.பி. பாகத்தில் விரிசல் விட்டிருந்தால், பின்பக்கத்தில் மெல்லிய ஸ்டீல் வலையை வைத்து சால்டரிங் அயர்னால் உருக்கிப் பதிப்பதுதான் நிற்கும். திறந்த வெளியில் செய்யுங்கள், புகை நல்லதல்ல. முன்பக்கம் வரை சூடு ஏறிவிடாமல் விட்டு விட்டு வையுங்கள்.

இரண்டு பக்கமும் ஒட்டும் அக்ரிலிக் ஃபோம் டேப் இன்னொரு வழி. கதவில் ஓடும் அலங்காரப் பட்டை, பேட்ஜ், சின்ன மூடி போன்றவை தொழிற்சாலையிலேயே இதில்தான் ஒட்டப்பட்டு வருகின்றன, அவற்றுக்கு இதுவே போதும். வெயிலும் தாங்கும், அதிர்வும் தாங்கும். ஆனால் நம் பக்கத்தில் ஒரு சங்கடம் உண்டு. துறைமுகமும் தொழிற்சாலைகளும் லாரிகளும் எழுப்பும் தூசி, கடற்காற்றின் ஈரத்தோடு சேர்ந்து எல்லாப் பரப்பிலும் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்கிறது. டேஷ்போர்டு பளபளக்க அடிக்கும் பாலிஷ் வேறு அதன் மேல் சிலிக்கான் எண்ணெயாக உட்கார்ந்திருக்கும். அதன் மேல் டேப் வைப்பது எண்ணெய்ச் சட்டியில் ஸ்டிக்கர் ஒட்டுவதற்குச் சமம். முதலில் சோப்புத் தண்ணீர், அப்புறம் ஐசோபுரொபைல் ஆல்கஹால். இது ரிச்சி ஸ்ட்ரீட்டில் மொபைல் ரிப்பேர் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். தின்னர் வேண்டாம், ஏபிஎஸ்ஸைக் கரைத்துவிடும். ஒட்டிய பிறகு 20 நிமிடத்தில் பாதிப் பலம்தான் வந்திருக்கும், முழுப் பலத்துக்கு 72 மணி நேரம் வேண்டும். அதுவரை அதைத் தொட்டுப் பார்க்காமல் இருப்பதுதான் பலருக்கும் கஷ்டம்.

துணியும் ரெக்சினும் ரப்பர் பசையில் நிற்பவை. ஃபெவிகால் எஸ்.ஆர். வகை, ஃபெவிபாண்ட் போன்றவை. இரண்டு பக்கமும் மெல்லியதாகத் தடவி, விரல் வைத்தால் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, பிறகு ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்கும். ஈரமாக இருக்கும்போதே சேர்த்துவிட்டால் உள்ளே சிக்கிய கரைப்பான் வெயிலில் கொப்புளமாகக் கிளம்பும். கடலோரம் இருப்பவர்கள் விடியற்காலையில் இதைச் செய்யாதீர்கள். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் பசை மேலேயே வியர்த்துவிடும், பிடிப்பு போய்விடும். உச்சி வெயிலும் ஆகாது, தடவும்போதே காய்ந்துவிடும். மழையில்லாத நாளில் காலை ஒன்பது பத்து மணிக்கு நிழலில், நாலு கதவையும் திறந்துவைத்துச் செய்யுங்கள். இந்தப் பசையின் வாடை தலையைச் சுற்றவைக்கும், பக்கத்தில் நெருப்பு கூடவே கூடாது.

ஆர்ம்ரெஸ்ட் ரெக்சின் மட்டும் இதில் திரும்பத் திரும்ப உரியும். பிவிசி ரெக்சினை மிருதுவாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள் வெயிலில் கசிந்து ரப்பர் பசையைக் குழைத்துவிடுவது அதற்குக் காரணம். செருப்பு அடிப்பாகம் ஒட்டுகிற பி.யூ. (பாலியூரித்தேன்) பசை அதைவிட நல்லது. பெரியமேட்டில் ஷூ மெட்டீரியல் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

ரூஃப் லைனிங்: எதுவரை வீடு, எங்கிருந்து கடை

தொங்கும் துணியை லேசாகத் தூக்கி, உள்பக்கத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். விரலில் மஞ்சளாகத் தூள் ஒட்டினால் பசை போகவில்லை, ஃபோம் மக்கிவிட்டது. துணிக்கும் போர்டுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய பாலியூரித்தேன் ஃபோம், வருஷக்கணக்கில் சூட்டிலும் ஈரத்திலும் இருந்து பொடியாகிவிடும். கடலோர ஊரில் இரண்டுக்கும் குறைவில்லை. பொடியின் மேல் ஒட்டுவதற்கு எதுவும் இல்லை. ஊசியில் பசை ஏற்றிச் செலுத்துவது, துணிக்கு மேலேயே ஸ்ப்ரே அடிப்பது எல்லாம் கறையைத்தான் விட்டுப்போகும். திருகுப் பின் குத்தி நிறுத்துவது தலையில் இடிக்காமல் இருக்கத் தற்காலிகமாக உதவும். அதுவரைக்கும் பரவாயில்லை.

தூள் வராமல், ஒரு ஓரம் மட்டும் விட்டிருந்தால் வீட்டிலேயே ஒட்டலாம். துணியைப் போதிய அளவு விலக்கி, மெல்லிய தூரிகையில் ரப்பர் பசையைக் குறைவாகத் தொட்டுச் செய்யுங்கள். அதிகமானால் துணியின் முகத்துக்கே ஊறிவரும்.

முழுதாக மாற்ற வேண்டுமென்றால் நான் குஷன் கடையைத்தான் சொல்வேன். சன் வைசர், கைப்பிடிகள், உள்விளக்கு, எல்லா பில்லர் கவரும் எடுத்து, போர்டை மடங்காமல் டிக்கி வழியாக இறக்க வேண்டும். ஒரு முறை மடிந்தால் அந்தக் கோடு புதுத் துணியிலும் தெரியும். பழைய ஃபோமை ஒரு துளி விடாமல் தேய்த்து எடுக்க வேண்டும். இதற்கு நிழலான இடமும் இன்னொரு ஆளும் வேண்டும், நம் பக்கத்துச் சந்துகளில் இரண்டும் சுலபமாக அமையாது. கடையில் இதுவே பழகிய கைகளின் அரைநாள் வேலை. ஆனால் விடும் முன் சிலதைப் பேசிவிடுங்கள். போர்டை வெளியே எடுத்துத்தான் செய்ய வேண்டும், பழைய துணிக்கு மேல் புதுசு ஒட்டக்கூடாது. ஃபோம் சேர்ந்த துணியே போட வேண்டும், வெறும் துணி போட்டால் போர்டின் மேடுபள்ளம் அப்படியே தெரியும். சூடு தாங்கும் பசை வேண்டும். “அண்ணே, போர்டை எறக்கினதும் ஒரு தடவை பார்க்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே டீ குடித்துக்கொண்டிருங்கள். நல்ல தொழிலாளி இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

கை வைக்கக் கூடாத இடம்

பில்லர் கவரிலோ கூரை ஓரத்திலோ ஏர்பேக் என்ற எழுத்து பொறித்திருந்தால், அதற்குப் பின்னால் திரை ஏர்பேக் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அது விரியும்போது அந்தக் கவர் சொன்ன இடத்தில், சொன்ன அளவுக்குத்தான் விலக வேண்டும். பல மாடல்களில் கவர் தெறித்து யார் முகத்திலும் படாமலிருக்கக் கயிறு வைத்த தனி வகைக் கிளிப் போட்டிருப்பார்கள், ஒரு முறை இழுத்தால் அதை மாற்றியாக வேண்டும். அங்கே பசை, டேப், ஸ்க்ரூ, வெளியே விற்கும் பொதுக் கிளிப் எதுவும் கூடாது. இந்த ஒரு பாகத்துக்குச் சர்வீஸ் சென்டர் கேட்கும் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். அண்மையில் வந்த பல மாடல்களில் ஆறு ஏர்பேக் இருக்கிறது. சீட்டின் வெளிப்பக்க ஓரத்திலும் அதே எழுத்து இருக்கலாம், அப்படியிருந்தால் குஷன் கடையில் சாதாரண சீட் கவர் தைத்து மூடவும் விடாதீர்கள்.

மீதி எல்லாம் சின்ன வேலை. கதவு ஓரத்து ரப்பர் பீடிங் கழன்றால் பசை தேடாதீர்கள். அதன் உள்ளே உலோகப் பட்டை இருக்கிறது, வாய் அகன்றிருந்தால் இடுக்கியால் லேசாக நெருக்கி, ரப்பர் சுத்தியலால் தட்டி ஏற்றினால் பிடித்துக்கொள்ளும். டேஷ்போர்டில் இரண்டு பிளாஸ்டிக் உரசிச் சத்தம் வந்தால், உரசும் இடத்தைக் கையால் அழுத்திக் கண்டுபிடித்து, நடுவில் ஒட்டும் ஃபெல்ட் துணி ஒரு துண்டு வையுங்கள். ஸ்பாஞ்சை விட ஃபெல்ட் நீடிக்கும். ஸ்க்ரூ துருப்பிடித்து இறுகியிருந்தால், காசிமேடு, எர்ணாவூர் பக்கம் நிற்கும் கார்களில் இது சகஜம், துருநீக்கி அடித்துப் பத்து நிமிடம் விட்டுத் திருகுங்கள். திரும்பப் போடும்போது துளி கிரீஸ் தடவிப் போட்டால் அடுத்த முறை பிளாஸ்டிக்கை உடைக்காமல் கழற்றலாம்.